முதலில் சூடு, அப்புறம்தான் சோறு

போன மார்கழியில் ஒரு நாள், விடியற்காலை ஆறரை மணிக்குப் போன் அடித்தது. ஓசூர் சிப்காட் பின்பக்கம் லைன் வீடு வாடகைக்கு விட்டிருக்கும் ஓர் அம்மா. “ஏம்மா, உனக்குத்தான் நாய் பூனையெல்லாம் பழக்கமாச்சே, கொஞ்சம் வந்துட்டுப் போயேன். மூணாம் நம்பர் வீட்டுப் பையன் கம்பெனி மாறிப் போயிட்டான். சாவி வாங்கித் திறந்தா, பாத்ரூம்ல இத்தாம் பெரிய தொண்டா படுத்திருக்கு.”

தொண்டா என்றால் தெலுங்கில் ஓணான். நான் போய்ச் சேர்வதற்குள் வாசலில் கூட்டம். பக்கத்து வீட்டுக் கன்னட அம்மா ‘ஓத்திகேத்தா’ என்றார், மாடி வீட்டுப் பையன் ‘டைனோசர்’ என்றான். ஓசூரில் எதற்கும் மூன்று பெயர் உண்டு. உள்ளே சிமென்ட் தரையில் கிடந்தது பச்சை இகுவானா. வாலோடு மூன்றடி இருக்கும். பச்சை என்பது பெயரில்தான். காய்ந்த வாழைச்சருகு நிறத்தில் இருந்தது. கீழ்த்தாடை உப்பியிருந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் அவித்த முட்டையும் கொஞ்சம் தயிர்சாதமும். “பாவம்னு நேத்து ராத்திரி வச்சேன், தொடவே இல்லை” என்றார் அந்த அம்மா.

நல்லவேளை, தொடவில்லை.

தம்பி தங்கைகளே, அக்கா சொல்ல வந்ததே இதைத்தான். பசித்த ஜீவனுக்கு முதலில் சோறு போடுவது நம் வழக்கம். பல்லி இனத்தை மீட்கும்போது அந்த வழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். நம் உடம்பு சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பல்லி, ஓணான், இகுவானா எதுவும் அப்படி இல்லை. வெயிலில் இருந்தும் சுட்ட பாறையில் இருந்தும் கடன் வாங்கித்தான் அவை வாழ்கின்றன. உடம்பில் சூடு இல்லை என்றால் ஜீரணமும் இல்லை. சில்லிட்ட வயிற்றுக்குள் போகும் உணவு அங்கேயே கெட்டுப்போகும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில், மார்கழி இரவில் 15 டிகிரி பக்கம் இறங்குவது சாதாரணம். இகுவானாவுக்கு ராத்திரியில்கூட 22, 23 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. அது படுத்திருந்ததோ ஈரச் சிமென்ட் தரை.

முதல் இரண்டு நாள்

தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை இடுப்புக்கு அடியில் இருக்கட்டும். வாலைப் பிடிக்கவே கூடாது, கையோடு வந்துவிடும். சத்துக் குறைந்த பிராணியின் எலும்பு சுண்டைக்காய்க் காம்பு மாதிரி. அவசரமாகப் பிடித்தால் தொடை எலும்பு முறியும். தலையணை உறைக்குள் விட்டு, அந்த உறையை ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டு போங்கள். இருட்டில் அது அடங்கியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும், வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் வையுங்கள். சூடு வேண்டாம் என்றால் நகர்ந்து போக மறு ஓரம் இருக்க வேண்டும். சில மணி நேரத்தில் மெதுவாக 28, 30 டிகிரிக்கு வந்தால் போதும். ஹேர் டிரையர், இட்லிப் பானை ஆவி, ரூம் ஹீட்டர் முன்னால் உட்கார வைப்பது எல்லாம் நான் கண்ணால் பார்த்த கூத்துகள். செய்யாதீர்கள்.

உடம்பு சூடேறிய பிறகு தண்ணீர். அகலமான டப்பில் வெதுவெதுப்பான நீர், தோள்பட்டை அளவுக்கு மேல் வேண்டாம், 15 நிமிடம். நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும், சோர்ந்த பிராணி தலையைத் தண்ணீரில் போட்டுவிடும். அந்த டப் இனி அதற்கு மட்டும்தான். சமையலறை சிங்க்கில் குளிப்பாட்டக் கூடாது. ஆரோக்கியமாகத் தெரியும் பல்லி இனங்கள்கூட சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். தொட்ட பிறகு ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இருக்கும் வீடாக இருந்தால் அவர்கள் கையில் கொடுக்கவே வேண்டாம்.

உரியாத பழைய தோல் விரலில் ஒட்டியிருக்கும். பிய்த்து எடுக்கக் கை துறுதுறுக்கும். நனைய விட்டு, தானாகக் கழன்றால் எடுங்கள், இல்லையென்றால் விடுங்கள். விரலைச் சுற்றி இறுகிய தோல் ரத்த ஓட்டத்தை நிறுத்தி விரலையே விழ வைக்கும் என்பது உண்மை. அதற்காக இழுத்தால் நகத்தோடு வரும்.

உணவு மூன்றாவது நாள் வாக்கில், கொஞ்சம் கொஞ்சமாக. பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தின் உப்புகள் தடுமாறி உயிரே போகலாம். அதற்கு முன்னால் அதற்கென்றே வைத்த ஒரு தராசில் எடை போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை. இந்த ஜீவன் முனகாது, அழாது, வாலாட்டாது. அது பேசுகிற ஒரே பாஷை அந்த நோட்டில் இருக்கும் எண்தான்.

பார்த்தால் தெரியும் அடையாளங்கள்

உப்பிய தாடையைப் பார்த்து “நல்லா கொழுகொழுன்னு இருக்கே” என்றார் ஒருவர். அது கொழுப்பு இல்லை, எலும்பு நோய். வெயிலில் இருக்கும் புற ஊதா பி (யூவிபி) கதிர் தோலில் பட்டால்தான் இந்தப் பிராணிகளுக்கு டி3 வைட்டமின் உண்டாகும். அது இருந்தால்தான் கால்சியம் உடம்பில் சேரும். வெயிலும் இல்லை, கால்சியமும் இல்லை என்றால் உடம்பு தன் எலும்பையே கரைத்துக் காலத்தை ஓட்டும். கரைந்த இடத்தில் நார்த்திசு வளர்வதால்தான் தாடை உப்புகிறது, ரப்பர் மாதிரி வளைகிறது. முதுகு கோணும், கால் வளையும், விரல் துடிக்கும். துடிப்பைப் பார்த்தால் அன்றைக்கே டாக்டர். ஆரம்பத்தில் பிடித்தால் நோயை நிறுத்தலாம், வளைந்த எலும்பு நேராகாது.

வளர்ப்புப் பல்லியான லெப்பர்ட் கெக்கோவுக்கு வால்தான் சேமிப்புக் கணக்கு. கொழுப்பை அங்கேதான் வைத்திருக்கும். வால் குச்சியாக இருந்தால் கணக்கு காலி. பியர்டட் டிராகன் என்கிற இன்னொரு வளர்ப்புப் பல்லிக்குக் கண் குழி விழுந்திருந்தால் தண்ணீர் இல்லாமல் கிடந்திருக்கிறது.

டாக்டர் விஷயத்தில் ஒன்று. மாடு, ஆடு, நாய் பார்க்கும் எல்லாருக்கும் ஊர்வன பார்த்த அனுபவம் இருக்காது, அது அவர்கள் குற்றமும் இல்லை. போனிலேயே “இகுவானா பார்ப்பீங்களா” என்று நேராகக் கேட்டுவிடுங்கள். இங்கிருந்து பலரும் பெங்களூருக்குத்தான் போகிறோம். அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டும்போது காகிதம் கையில் இருக்க வேண்டும். என்ன காகிதம் என்பதற்கு வருகிறேன்.

இவை எங்கிருந்து வருகின்றன

2023 ஜனவரியில் பெங்களூரு விமான நிலையத்தில் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் 18 அயல்நாட்டு விலங்குகளைப் பிடித்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு ஒரு பண்ணை வீட்டுக்குப் போனால் அங்கே இன்னும் 139. அனகோண்டா, பந்து மலைப்பாம்பு, நைல் உடும்பு, பச்சோந்தி வகை, இகுவானா என்று ஒரு குட்டி மிருகக்காட்சி சாலையே இருந்தது. எல்லாம் பன்னேருகட்டா உயிரியல் பூங்காவுக்குப் போயின. அதே ஆண்டு ஆகஸ்டில், அதே விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 234 உயிர்கள். அதில் இருந்த கங்காரு குட்டி மூச்சுத் திணறிச் செத்திருந்தது. அந்த விமான நிலையம் நமக்கு எவ்வளவு தூரம்? கேப் புக் பண்ணிப் போகிற தூரம். பிடிபட்டது இவ்வளவு என்றால் பிடிபடாதது எங்கே போயிருக்கும் என்று கேட்க ஆராய்ச்சி வேண்டாம். நம் பி.ஜி.களிலும் லைன் வீடுகளிலும் கண்ணாடித் தொட்டிக்குள் உட்கார்ந்திருப்பவற்றைப் பார்த்தால் போதும். சம்பளம் வந்த கையோடு உள்ளங்கை அளவுக் குட்டி இகுவானா வாங்கும் பையனுக்கு, அது ஐந்தடி வளரும், பதினைந்து இருபது வருஷம் வாழும் என்று விற்றவன் சொல்லியிருக்க மாட்டான். அந்தப் பையனுக்கு இந்த ஊரில் வேலை எத்தனை வருஷம்?

சட்டம் சுருக்கமாக. இகுவானா சைட்ஸ் என்கிற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-இல் வந்த திருத்தம், இப்படிப்பட்ட அயல்நாட்டு உயிர்களுக்கென்றே நான்காம் அட்டவணையை வைத்தது. 2024 பிப்ரவரியில் அதற்கான விதிகள் வந்தன. வைத்திருப்பவர் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு அப்போது ஆறு மாத அவகாசம் தந்தார்கள், அதற்குப் பிறகு கைக்கு வந்தால் 30 நாள். குட்டி பிறந்தாலும், கை மாறினாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். மீட்டவர்களுக்கும் இது பொருந்தும். “நான் காப்பாத்தத்தானே எடுத்தேன்” என்பது மனசாட்சிக்குச் சரி, செக்போஸ்ட்டில் அது ரசீது ஆகாது. ஆகவே மீட்ட அன்றைக்கே இடம், தேதி, நேரம், உடல்நிலை, போட்டோ எல்லாம் சேர்த்து வனத்துறைக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஓசூர் வனக்கோட்ட அலுவலகம் மத்திகிரியில்தான் இருக்கிறது. வண்டியில் போனால் கொஞ்ச நேரம்.

நம் ஊர் உடும்பு கதை வேறு. அது முதல் அட்டவணை விலங்கு. பிடிப்பதும் வைத்திருப்பதும் குறைந்தது மூன்று வருஷச் சிறைக்கு வழி. “அடிபட்டுக் கிடந்தது, ரெண்டு நாள் வீட்டுல வச்சு விட்டுடலாம்னு” என்பதெல்லாம் வேண்டாம். பெட்டியால் மூடி வைத்து வனத்துறையைக் கூப்பிடுங்கள். பச்சோந்தியும் அப்படித்தான். அழகாக இருக்கிறது என்று தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வேலியில் இருந்து எடுத்து வந்தால் வீட்டில் வாடியே சாகும். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்ட கதையில் பரிதாபம் முழுவதும் மனிதனுக்கே சேரும் என்று நினைக்கிறோம், ஓணான் பக்கம் யாரும் கேட்டதில்லை.

வீடு கட்டலாம்

நம்ம ஊரில் ஃபேப்ரிகேஷன் பட்டறைக்குப் பஞ்சமா? பெட் ஷாப்பில் கேட்கும் விலையில் பாதிக்குக் கூண்டு செய்துவிடலாம். வளர்ந்த இகுவானாவுக்கு ஆறடி உயரம், ஆறடி அகலம், மூன்றடி ஆழம். அதாவது ஒரு பீரோ இல்லை, இரண்டு பீரோ. மரம் ஏறும் பிராணி என்பதால் உயரம் முக்கியம். பியர்டட் டிராகன் தரையில் ஓடுவது, அதற்கு நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் போதும். ஒரு கூண்டுக்கு ஒரு பிராணி. “துணைக்கு ஒண்ணு விட்டா சந்தோஷமா இருக்கும்” என்பது நம் கற்பனை. ஒன்றின் மேல் ஒன்று படுத்திருப்பது பாசம் இல்லை, சூடான இடத்துக்கு நடக்கும் சண்டை.

ஸ்கிராப் கடையில் கிடைக்கும் பேலட் கட்டையில் சட்டம் போட நினைப்பவர்கள், கட்டையில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வேண்டாம். எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கட்டை எந்த முத்திரை இருந்தாலும் வேண்டாம். கெமிக்கல் டிரம்மை அறுத்துக் குளியல் தொட்டி ஆக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

உள்ளே ஒரு மூலை சூடு, எதிர் மூலை குளுமை. இகுவானா வெயில் காயும் கிளையில் 35 டிகிரி வரை, பியர்டட் டிராகனுக்கு 40 பக்கம், லெப்பர்ட் கெக்கோவுக்குச் சூடான பொந்தில் 32. கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லாதீர்கள். கம்பெனி மெயின்டனன்ஸில் மோட்டார் சூடு பார்க்க வைத்திருப்பார்களே அந்த லேசர் கன், அது ஒன்று வாங்குங்கள். தெர்மோஸ்டாட்டுக்கு, கோழிமுட்டை இன்குபேட்டரில் போடும் கன்ட்ரோலரே போதும். நம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும். செராமிக் ஹீட்டருக்குப் பிளாஸ்டிக் ஹோல்டர் போட்டால் உருகும், பீங்கான் ஹோல்டர்தான். சுற்றிலும் கம்பிக்கூடு கட்டாயம், இல்லையென்றால் ஏறி அணைத்துக்கொண்டு வெந்துபோகும். ‘ஹாட் ராக்’ என்று விற்கும் கரண்ட் கல்லை வாங்காதீர்கள். வயிற்றுத் தோல் வெந்த பிறகும் அதன் மேலேயே படுத்திருக்கும்.

யூவிபி டியூப் சில ஆயிரம் ரூபாய் ஆகும். இதில் கஞ்சம் பிடித்தால் டாக்டருக்குக் கொடுப்பீர்கள். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் வெளிச்சம்தான், யூவிபி கண்ணாடியைத் தாண்டாது. டியூபும் எரிந்துகொண்டே இருந்தாலும் வருஷத்தில் சத்து இழந்துவிடும், மாட்டிய தேதியை ஸ்கெட்ச் பேனாவில் அதன் மேலேயே எழுதுங்கள். இதையெல்லாம்விட நல்லது காலை வெயில். கம்பி வலைக் கூண்டில், பாதி நிழலோடு, வாரம் நாலைந்து நாள் அரை மணி நேரம். பக்கத்தில் ஆள் வேண்டும். காக்கை, பருந்து, பக்கத்து வீட்டுப் பூனை மூன்றும் காத்திருக்கும்.

இங்கேதான் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் தூரம்தான், ஆனால் மலையிறங்கிப் போகிறீர்கள். ஓசூரில் ஒரு வருஷத்தில் பாதி இரவுகள் ஹீட்டர் கேட்கும். கிருஷ்ணகிரியில் சித்திரையில் தகர ஷீட் போட்ட மாடி அறையில் மதியம் ஹீட்டரே தேவைப்படாது, அந்த அறையே அடுப்பு. வெயிலில் வைத்த கண்ணாடித் தொட்டி கால் மணி நேரத்தில் பிராணியைக் கொன்றுவிடும். யூடியூபில் யாரோ அமெரிக்காவில் சொன்ன செட்டிங்கை அப்படியே போடாமல், உங்கள் அறையில் ஒரு வாரம் காலை, மதியம், ராத்திரி வெப்பநிலை எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் பல்பு வாங்குங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளுக்கு வெந்நீர் பாட்டிலும் தெர்மோகோல் பெட்டியும் தயாராக இருக்கட்டும்.

தட்டில் என்ன

இகுவானா சுத்த சைவம். முட்டை, நாய் பிஸ்கட், கோழி எல்லாம் ஆசையாகத் தின்னும், சிறுநீரகம் போகும். நமக்கு அதிர்ஷ்டம், இது பட்டு வளர்க்கும் மாவட்டம். மல்பெரி இலை இகுவானாவுக்கு அருமையான உணவு. உலகத்தில் எங்கெங்கோ இருந்து சேர்த்த மல்பெரி ரகங்களையும் பட்டுப்புழு ரகங்களையும் காக்கும் மத்திய பட்டு வாரியத்தின் மையமே ஓசூரில் இருக்கிறது. மல்பெரித் தோட்டக்காரர் பூச்சிமருந்தில் ரொம்ப ஜாக்கிரதையாக இருப்பார், மருந்து பட்ட இலையைத் தின்றால் அவர் புழு முதலில் செத்துவிடுமே. “கடைசியா எப்போ அடிச்சீங்கண்ணா” என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்குங்கள். பூச்சி தின்னும் பியர்டட் டிராகனுக்கும் கெக்கோவுக்கும் பட்டுப்புழுவே நல்ல தீனி.

ஓசூர் ரோஜா மட்டும் வேண்டாம். பண்ணை ரோஜாவில் அடிக்கும் மருந்துக்கு அளவில்லை. வீட்டுச் செம்பருத்தி இலையும் பூவும் கொடுங்கள். முருங்கைக்கீரை தாராளமாக. பூசணி, பீன்ஸ் துருவி. பாலக், அரைக்கீரை தினமும் வேண்டாம், அவற்றிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கிருஷ்ணகிரி மாம்பழம் சீசனில் எப்போதாவது ஒரு துண்டு. மின்மினிப் பூச்சியைப் பியர்டட் டிராகனுக்குக் கொடுத்துவிடாதீர்கள், ஒன்றே விஷம்.

எடுத்துக்கொள்வதா, ஒப்படைப்பதா

மீட்பது ஒரு நாள் வேலை. வளர்ப்பது அப்படி இல்லை, அந்த ஜீவன் உங்கள் கல்யாணத்தையும் வீடு மாற்றத்தையும் பார்க்கும். வாடகை வீடு, ஷிப்ட் வேலை, வீட்டுக்காரர் சம்மதம் இல்லை என்றால் முதல் இரண்டு நாள் சூடும் தண்ணீரும் கொடுத்து வனத்துறை வழியாக ஒப்படைப்பதே பெரிய காரியம். அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஏற்கெனவே வேறு ஊர்வன வைத்திருப்பவர்கள் புது வரவை மூன்று மாதம் தனி அறையில், தனிப் பாத்திரத்தில் வைத்து, எச்சம் பரிசோதித்த பிறகே பக்கத்தில் கொண்டு வாருங்கள்.

ராமநாயக்கன் ஏரிக் கரையிலோ கெலவரப்பள்ளி அணைப் பக்கமோ விட்டுவிட்டு “சுதந்திரம் கொடுத்தேன்” என்று ஸ்டேட்டஸ் போடாதீர்கள். ஒன்று, ஓசூர்க் குளிரில் அது சாகும். இல்லை, பிழைத்துப் பெருகும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இப்படி விட்டதும் தப்பியதும் பெருகி, இன்றைக்குக் கால்வாய்க் கரைகளையே குடைகின்றன. கடுங்குளிர் நாளில் விறைத்து மரத்திலிருந்து பொத்துப் பொத்தென்று விழுகின்றன.

அந்த மூணாம் நம்பர் வீட்டு இகுவானா எடுத்தபோது 610 கிராம். முதல் பதினோரு நாள் எடை கூடவே இல்லை, நோட்டை மூடி வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பன்னிரண்டாம் நாள் ஒரு மல்பெரி இலையின் ஓரத்தைக் கடித்தது. எழுதிக் கொடுத்து, பதிவுக்குப் போட்டு, இப்போது எங்கள் கிழக்கு வராந்தாவில் இருக்கிறது. தாடை கோணல் அப்படியே. நிறம் மட்டும் திரும்பியிருக்கிறது. அந்த லைன் வீட்டு அம்மா மாதத்துக்கு ஒருமுறை கெலமங்கலத்திலிருந்து ஒரு பை மல்பெரி இலையோடு வருவார். போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். புதுசாகக் குடிவர ஒரு பையன் அட்வான்ஸோடு நின்றுகொண்டிருந்தான். பணத்தை வாங்காமல் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்: “நாய் இருக்கா? பூனை இருக்கா? தொண்டா ஏதாச்சும் வச்சிருக்கியா?”